நானூற்றிரண்டு மீற்றர்

எஞ்சின், நெடுங்கேணியில் யானை மோதின வானுடையது.
வானின்ர முகம் முழுக்க உள்ளுக்குப் போய்
ஸ்டியறிங் சீற்றில் குந்தியிருந்தது.
சீற்றுக்குக் கீழ கிடந்த எஞ்சினில் ஒரு கீறலுமில்லை.
நாற்பத்தையாயிரம் சொன்னான்,
முப்பத்தெட்டுக்கு முடிந்தது.

உடம்பு, கோழி அடைகிடந்த ஒரு ஸ்ரார்லெற்.
மாங்குளத்தில் பழைய இரும்புக்குப் போக இருந்ததை
நானும் யூட்டும் ட்ரக்ரர் பெட்டியில் ஏற்றி வந்தோம்.
டிக்கிக்குள் பதின்மூன்று முட்டை,
பன்னிரண்டு கூழ்.

மாட்டுக் கொட்டில்தான் கராஜ். மாடு வெளியில்.
நான் ஒட்டுப் பிடித்தால் ஒழுங்கை முழுக்க லைற் மங்கும்.
நாடகத்தில் அழுகிறவள் அரை அழுகையில் நிற்பாள்.
"டேய் மயூரதன், அவள் செத்திட்டாளோ இல்லையோ எண்டு
பாக்க விடடா"
வேலிக்கு அங்கால இருந்து சத்தம்.
அதுக்குப் பிறகு ஒன்பதரை தாண்டித்தான் ஒட்டு.

கூண்டுக்குப் பைப்,
ஒரு நிறுவனம் இறக்கிப்போட்டுப் போன
தண்ணி வராத குழாய்க்கிணற்றில் இருந்து.
வளைக்க மெசின் இல்லை.
மணலை இறுக்கி அடைத்து, இரு வாயிலும் கட்டை இறுக்கி,
பாலை மரக் கவரில் கொடுத்துத் தொங்கினோம்.
மரத்துக்கு ஒண்டுமில்லை.
பைப் இரண்டு முறிந்தது, யூட்டின் பல் ஒன்று.

மிச்ச வேலை முழுக்கக் கழற்றுகிறதுதான்.
கம்பளம், கதவுத் தகடு, ஹீற்றர்,
(முத்தையன்கட்டில் ஹீற்றர்!)
பின் கண்ணாடி, பார்க்கிற கண்ணாடி.
எதை இறக்கினால் ஓடலாம் எண்டு
எங்கட ஆக்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.
மாத்தளன் றோட்டில் தையல் மெசினை இறக்கி வைத்து
அதை ஒரு சீலையால் மூடியும் விட்டவ அம்மா.
அதைக் கதைக்க நான் வரேல்லை.
பின் சீற்று, பதினெட்டுக் கிலோ.

சங்கத்து நெல்லுத் தராசு நாலு கேட்டு வாங்கி
நாலு சில்லுக்கும் கீழ வைத்தோம்.
கூட்டினால் அறுநூற்று நாலு.
நான் ஏறிக் குந்தினேன். அறுநூற்றுத் தொண்ணூற்றாறு.
யூட் ஒன்றும் சொல்லவில்லை.
தராசைப் பார்த்தான், என்ர வயிற்றைப் பார்த்தான்,
திரும்பத் தராசைப் பார்த்தான்.

அப்படித்தான் மச்சாள் நிலக்சனா வந்தது.
வங்கியில் காசு எண்ணுகிற ஆள்.
நாற்பத்தாறு கிலோ, சப்பாத்தோட.
இரண்டு வருசம் நான் முறுக்கின ஒவ்வொரு நட்டும்
இன்னொருத்தியின் காலுக்காக எண்டு
அண்டைக்குத்தான் தெரிந்தது.
இரவு சோறு வேண்டாம் எண்டேன்.
பிறகு எழும்பிப் போய்ச் சாப்பிட்டேன்.

நேரான நானூறு மீற்றர்
பத்தாம் வாய்க்கால் றோட்டில் மட்டும்தான் இருக்கு.
பெரும்போகத்தில் அது பொன்மலர் அக்காவின் நெல்லுக்குச் சொந்தம்.
"ஈரம் போகாமல் அள்ள ஏலாது. இரண்டு மணிக்கு வாங்கோ."
இரண்டுக்கும் போகவில்லை ஈரம்.
நாங்கள் காலால் கிளறினோம்.
நிலக்சனா ஹெல்மெற்றோட நின்று கிளறினாள்.
நாலரைக்கு அள்ளி முடிய
நான் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டேன்.

கையை இறக்கினேன்.

சத்தம் முதல் போனது, கார் பிறகு போனது.
வாய்க்காலில் இருந்த கொக்கு முழுக்க எழும்ப,
இரண்டாம் கியர், மூன்றாம் கியர்,
அவளின் கையில் நான் கேட்டேன்
ஒரு பிழையும் இல்லாத மாற்றத்தை.
எனக்கு எரிச்சலாய் இருந்தது.
கோட்டைத் தாண்டினதும் கறக் எண்டு ஒரு சத்தம்.
அக்சில்.

நாங்கள் ஓடிப் போய்ச் சேர முந்தி
பொன்மலர் அக்கா அங்க நிற்கிறா, கையில் விளக்குமாறு.
"எங்க போக இவ்வளவு அவசரம் பிள்ளை?"
ஹெல்மெற்றுக்குள் இருந்து:
"இஞ்சதான் அக்கா, இந்தக் கோட்டுக்கு."

நெல்லு அள்ள வந்தவை எல்லாரும் கை வைத்துத்
தள்ளிக்கொண்டு வந்தோம்.
யூட் சிகரெட் பெட்டியில் எழுதினான்:
போக, பதினாறு புள்ளி இரண்டு செக்கன்.
வர, இருபத்தாறு நிமிசம்.

ரயர் வெட்டுக்குள் ஏழெட்டு நெல்லு இறுகிக் கிடந்தது.
பொன்மலர் அக்கா கொண்டை ஊசியைக் கழற்றி
ஒவ்வொன்றாய்க் கிண்டி எடுத்து
சீலையில் துடைத்துச்
சாக்குக்குள் போட்டா.